கால் தரையில் படாமல்

எனக்கு ஜாக்கெட் தைக்கிற டெய்லர் அளவெடுக்கும்போதெல்லாம் தவறாமல் ஒன்று சொல்வார். "உங்களுக்கு எடது தோளு கொஞ்சம் எறங்கி இருக்குதும்மா." வருஷக்கணக்காகச் சொல்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அது எந்த நாலு மாதத்தில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். டெய்லர் கடையில் நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது.

அறுபதுகளின் கடைசி. ஓசூரை ஒட்டி மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தோம். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற இடமெல்லாம் அன்று ராகிக் கொல்லை. என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் போகிற லாரிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது வேலை. வீட்டில் மாமியார், அவர், நான், மூன்றரை வயதில் எங்கள் பெண். மாமியாருக்குத் தெலுங்கு, பக்கத்து வீட்டுக்குக் கன்னடம், எனக்குத் தமிழ். நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. யாருக்கும் யார் பேசுவதும் புரியாமல் போனதில்லை, சண்டை உட்பட.

ஆவணிக் கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் அனலாகக் கொதித்தாள். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. அப்பாடா என்று இடுப்பிலிருந்து இறக்கி விட்டேன். இடது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி நிறுத்தினேன். மறுபடி உட்கார்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து ஒரு அடிகூடப் போட்டேன்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், சுத்தியால் முட்டியில் தட்டிப் பார்த்தார். இளம்பிள்ளை வாதம் என்றார். "இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் கெடையாதும்மா. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. தெனமும் செவுத்தப் புடிச்சு நிக்க வைங்க. அழுதாலும் நிக்க வைங்க. காலுக்குப் பாதி பலமாவது திரும்பிடும், முழுசாத் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

மருந்து இல்லை என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது. நிற்க வைப்பதெல்லாம் ஒரு வைத்தியமா? அதற்கு எதற்கு டாக்டர்?

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, மாமியார் பக்கத்தில் நிற்க, வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து சாமி தீர்த்தமலை ஈஸ்வரன். பெண்ணை ஆற்றங்கரையில் அனுமந்த தீர்த்தத்தில் முழுகிவிட்டு, அங்கிருந்து போய் மலையேறி, பாறையிலிருந்து கொட்டுகிற ராம தீர்த்தத்தில் குளிக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் அதுதான் கடைசி வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அளவாக எதையும் செய்கிறவள் இல்லை. "அமாவாசைக்கு வந்து குளிப்பாட்டறேன். அதுவரைக்கும் இவ கால் தரையில படாது. ஆத்துலேர்ந்து உன் தீர்த்தம் வரைக்கும் நானே, என் இடுப்புலயே தூக்கிட்டு வரேன். ஒங்கிட்ட வந்துதான் இவ கால எறக்குவேன்" என்றேன். அமாவாசைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் என் வீட்டுக்காரரின் பெரியப்பா செத்துப் போனார்.

எங்கள் வகையில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மூன்று மாதம் மலை ஏறக்கூடாது. அதற்கப்புறம் மார்கழிக் குளிர், குழந்தையைக் கொண்டுபோய் அருவித் தண்ணீரில் நிறுத்த முடியாது. ஆக, தை பிறக்க வேண்டும். பதினைந்து நாள் என்று வாயால் சொன்னது நாலு மாதமாகிவிட்டது.

மாமியார்தான் முதலில் வழி சொன்னார். வாய்த்துடுக்கு உள்ளவர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். "ஏம்மா, நீ வேண்டிக்கிட்டது பதினஞ்சு நாளைக்கு. சாவு விழுந்தது உன் தப்பா? மஞ்சத்துணியில ஒரு ரூபா முடிஞ்சு வெச்சு, தப்புன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு புள்ளைய எறக்கி வுடு. சாமிக்கு வேற வேல இல்லியா?"

"சொன்னது சொன்னதுதான் அத்தை" என்றேன்.

சொன்னதுதான் என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன். தெருவில் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். குழாயடியில் குடத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா தன் மருமகளிடம் என்னைக் காட்டி, வைராக்கியம்னா இது என்று கன்னடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அந்தத் தெருவில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஆனால் கை வலி என்றால் அப்படி ஒரு வலி. மூன்றரை வயசுக் குழந்தை கைக்குழந்தை இல்லை. ஒரு கையால் அவளை இடுப்பில் அணைத்துக்கொண்டு மறு கையால் ராகிக் களி கிண்டினேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைப்பேன், தூளியில் தூங்க வைப்பேன், மணையில் உட்கார்த்திக் குளிப்பாட்டுவேன். கொல்லைக்குக் கூட்டிப் போனால் இரண்டு செங்கல் போட்டு உட்கார வைப்பேன். செங்கல்லும் மண்ணுதானே என்று எதிர்வீட்டில் ஒரு கேள்வி கிளம்பியது. சுட்ட மண் மண்ணில் சேராது என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். ராத்திரி படுத்தால் இடது பக்கம் எனக்குச் சொந்தமில்லாதது போல மரத்துக் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் ஆபீசிலிருந்து ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சரக்குப் பெட்டியில் கழற்றியது. அதைக் கயிற்றுக் கட்டில்மேல் போட்டுத் தட்டிப் பார்த்தார்.

"டாக்டர் நிக்க வெக்கச் சொன்னாருல்ல. இதுமேல நிக்க வெச்சா? இது தரை இல்லையே."

"சாமிகிட்ட வக்கீல் வேலை பாக்காதீங்க" என்றேன்.

அவர் பலகையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுக் கைகால் கழுவப் போனார். அந்தப் பலகை தை வரைக்கும் அங்கேயே சாத்தியிருந்தது. கொஞ்ச நாளில் அதன்மேல் நான் துணி உலர்த்த ஆரம்பித்தேன்.

குழந்தை முதல் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, கீழ வுடு." கோழிக்குஞ்சைப் பார்த்தால் கேட்பாள், மழைத் தண்ணீர் ஓடினால் கேட்பாள், மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடினால் காலை உதறிக்கொண்டு கேட்பாள். சாமி கண்ணைக் குத்தும் என்றேன். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஞாபகம் வரவில்லை. அப்பாடா, அடம் குறைந்தது என்று நினைத்திருப்பேன்.

தை பிறந்ததும் கிளம்பினோம். மாமியாருக்கு முட்டி வலி, அவர் வரவில்லை. ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. ரோட்டை அடைத்துக்கொண்டு மாடுகள். பஸ் கால் மணி நேரம் நகரவில்லை. குழந்தை என் மடியிலிருந்து ஜன்னல் வழியாக மாடுகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் மாறி ஊத்தங்கரை. அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் விடியலில் அனுமந்த தீர்த்தம் போய்ச் சேர்ந்தோம்.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டேன். அவளுக்குப் பல் தந்தியடித்தது. ஈரப்புடவையோடு அவளை இடுப்பில் வைத்துக் கரையேறினேன். இனிமேல் வேண்டுதலின் கடுமையான பாகம். அவள் அப்பா கூடத் தூக்கக்கூடாது. அடிவாரம் போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தேன். கோயில் போகிறவர்களுக்கு மனசு நிறைந்து இருக்கும் என்பார்கள். எனக்கு இடுப்பு ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. எப்போது முடியும், எப்போது முடியும் என்பதுதான் நான் அன்று சொன்ன மந்திரம்.

மலைப்பாதை கொஞ்ச தூரம் படி, கொஞ்ச தூரம் வெறும் பாறை. காலை வெயில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. பத்துப் படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன். அப்புறம் ஐந்து படிக்கு ஒருதரம். பின்னால் வந்த ஒரு அம்மா, "குடும்மா, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்" என்று கையை நீட்டினார். வேண்டுதல் என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு முன்னால் போனார். எனக்கு அழுகை வந்தது. பெருமையால் இல்லை, அசதியால்.

பாதி மலையில் ஒரு குரங்கு எங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடியது. தேங்காய், பழம், விளக்குக்கு எண்ணெய் எல்லாம் அதில்தான். என் வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு அதைத் துரத்திப் படிகளில் ஏறி மறைந்தார். முன்னும் பின்னும் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து என் இடது கை விட்டுப் போயிற்று. வலி இல்லை. விரல் என் சொல் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாதை ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை. அதன்மேல் உட்கார வைத்தால் கால் தரையில் படாது என்று நினைத்தேன். உட்கார வைத்தேன். கையை ஒரு நிமிஷம் தொங்கப் போட்டேன். பாறை வழவழப்பு. அவள் மெல்லச் சறுக்கினாள். நான் பிடிப்பதற்குள் கீழே இறங்கிவிட்டாள்.

விழவில்லை. இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வலது கால். அப்புறம் இடது பாதத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் ஊன்றினாள். இடது முட்டி நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நின்றது. அவள் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, கல்லு சில்லுன்னு இருக்குது."

ஒரு தாய்க்கு அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது, ஐயோ, கால் பட்டுவிட்டதே என்பதுதான். நாலு மாதம் சுமந்தது பாதி மலையில் பாழாகிவிட்டதே. யாராவது பார்த்தார்களா என்று மேலும் கீழும் பார்த்தேன். பாய்ந்து அவளை வாரித் தூக்கினேன். பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

அவள் வீறிட்டாள். எத்தனையோ வாரமாகக் கேட்காத வார்த்தையை அப்போது கேட்டாள். "கீழ வுடு! கீழ வுடும்மா!" என் தோளில் அடித்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. பயத்துக்கு அவ்வளவு பலம் உண்டு போலிருக்கிறது.

உச்சியில் தீர்த்தம் பாறை விளிம்பிலிருந்து கயிறு திரித்தாற்போல விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கிழிந்த பையோடு நின்றிருந்தார். பழம் போயிற்று, தேங்காய் கிடைத்தது என்றார். குழந்தையைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தேன். மூச்சு முட்டி அழுதாள். போதும் போதும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்ன பிறகு, ஈரப் பாறைமேல் அவளை இறக்கிக் கையை எடுத்தேன்.

இடது கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். குளிரில் நீலம் பாரித்து, யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் மறுபடி நிறுத்திப் பார்க்கவில்லை. துண்டால் அவள் தலையைத் துவட்டினார். அர்ச்சனை முடிந்தது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்குக் கை கூப்பக்கூட வரவில்லை. தண்டனை கொடுத்துவிட்டாய் அல்லவா, ஒரு நிமிஷத்துக்கு, கை தவறினதற்கு, என்று உள்ளுக்குள் சாமியோடு சண்டை போட்டேன். பாதி வழியில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

இறங்கும்போது அவர் தூக்கிக்கொண்டார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உச்சிவெயில் ஏறி, பாறையெல்லாம் கொதித்தது. அந்த இடம் வந்ததும் குழந்தை அவர் தோளிலிருந்து திரும்பி விரலை நீட்டினாள்.

"அப்பா, அங்க வுடு."

அவர் என்னைப் பார்த்தார். சூடு தாங்காதே என்று துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் அவளை இறக்கினார். அவள் அதே பாறையைப் பிடித்துக்கொண்டாள். வலது கால், அப்புறம் இடது கால். நின்றாள்.

என் வீட்டுக்காரர் அழுது அன்றுதான் பார்த்தேன். மண்டி போட்டு உட்கார்ந்து அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுதார். பேசாத மனிதர், போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நாலு மாசமா நிக்காத புள்ளைங்க! தீர்த்தத்துல குளிச்சிட்டு வருதுங்க! பாருங்க!" என்று சத்தம் போட்டார். கூட்டம் சேர்ந்தது. யாரோ அவள் நெற்றியில் விபூதி பூசினார்கள். யாரோ என் காலைத் தொட்டார்கள். தாயோட வைராக்கியம் என்றார்கள். நான் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆனந்தத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் டாக்டரிடம் காட்டினோம். நிற்க வைத்துப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். இத்தனை நாள் தினமும் நிற்க வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. "நாலு மாசம் போயிடுச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடது காலின் ஆடுசதையை விரலால் அளந்து பார்த்தார். அது வலது காலைவிட மெலிந்திருந்தது. இன்றுவரை மெலிந்துதான் இருக்கிறது.

அவள் நடந்தாள். ஐந்து வயதில் சுவரைப் பிடிக்காமல், ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். படித்தாள், ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷிப்டு பஸ்ஸுக்கு எல்லாரும் ஓடுவார்கள், இவள் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பி நடப்பாள். அந்தப் பத்து நிமிஷம் யார் கணக்கில் எழுதியது என்று வாசலில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அவள் அப்பா போகிற கல்யாணம் காட்சியிலெல்லாம் தீர்த்தமலைக் கதையைச் சொல்வார். கேட்டு நாலைந்து குடும்பம் மலைக்குப் போய் வந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். சாமிமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை எல்லாம் கொடுக்கிறேன் என்று சொன்னது நான்தான்.

என் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம், மகள் தன் பத்து மாதக் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். அது சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. எழும், ஆடும், பொத்தென்று உட்காரும். அது விழுந்தபோது நான் பதறி எழுந்து தூக்கப் போனேன்.

"வுடும்மா. நிக்கட்டும்" என்றாள் மகள்.

அடிபட்டுடுமே என்றேன். அவள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"மலைல நீ என்னைத் தூக்கிட்ட இல்ல? நான் நின்னதும்."

நான் திடுக்கிட்டு உட்கார்ந்தேன். "அப்பாதானே எறக்கி வுட்டாரு. துண்டு போட்டு" என்றேன்.

"அது அப்பறம். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி. துண்டு இல்ல. கல்லு சில்லுன்னு இருந்துச்சு. எனக்கு மலைல வேற எதுவும் ஞாபகம் இல்லம்மா. கோயில் ஞாபகம் இல்ல, தண்ணி ஞாபகம் இல்ல. நின்னேன். நீ தூக்கிட்ட."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவருக்கு அந்தக் கதை பிடித்திருந்தது, எதற்குக் கெடுப்பது என்று விட்டுவிட்டாளாம்.

"ஆமா, தூக்கிட்டேன்" என்றேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். குழந்தை மறுபடி சுவரைப் பிடித்து எழுந்தது, இரண்டு காலும் நடுங்க நின்றது, சாய்ந்தது. என் கை தானாக நீண்டது. அந்தக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.